நாலு நாள் பச்சைத்தண்ணீர்

போனிலேயே முதலில் கேட்பேன்:
குழாயைத் திறந்தால் டிக் டிக் என்கிறதா?
பெட்டியோடு காதை வையுங்கள்,
பல்லி சொல்வதுபோல் இருக்கும்.
"ஒண்ணும் கேக்கலீங்க. நாலு நாளா
பச்சத்தண்ணி. பனி வேற."

ஓசூரில், பாகலூர் ரோட்டில், மார்கழி ஏழு மணிக்கும்
லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வரும்.
சந்துக்குள் மூன்றாவது வீடு, மாடி.
திம்மராயன், ரோஜாப் பண்ணையில் மருந்தடிப்பவர்,
குல்லாயைக் கழற்றாமலே கதவைத் திறந்தார்.

தண்ணீர் நூலாக வந்தது.
வேகம் இல்லையென்றால் உள்ளே ரப்பர் தோல் அசையாது,
தோல் அசையாமல் கேஸ் வழிவிடாது.
வாய்ச் சல்லடையைக் கழற்றித் தரையில் தட்டினேன்:
போர்த்தண்ணீர் கட்டிவைத்த சுண்ணாம்பு,
ஒரு வெற்றிலைக்குத் தடவலாம், அவ்வளவு.
பழைய டூத்பிரஷ், அரை மூடி எலுமிச்சை.
தண்ணீர் இப்போது கயிறாக விழுந்தது.

அடிமூடியைத் திறந்தால்
செல் இரண்டும் வடிந்து பச்சை பூத்திருந்தன.
"இவ்ளோதானா?"
இவ்வளவுதான்.
முனையைச் சுரண்டிவிட்டுப் புதுச் செல்லின் உறையைக் கிழிக்கையில்
நாகவேணி சொன்னாள், என்னிடம் இல்லை,
அடுப்பிலிருந்த பாலிடம்:
"நாலு நாளா தலசுத்தல் இல்ல. அதுவரைக்கும் நிம்மதி."

என்ன தலைசுற்றல்?

"குளிச்சிட்டு வந்தா கட்டில்ல சாய்ஞ்சிடுவா.
ரத்தம் கம்மி. மாத்திரை குடுத்திருக்காங்க,"
என்றார் அவர்.

நான் அண்ணாந்து பார்த்தேன்.
கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய சின்ன ஜன்னல்,
அதன்மேல் பண்ணைக் கூரையின் பழைய பாலித்தீன்,
நான்கு ஓரமும் நாடா ஒட்டி,
ஒரு சுருக்கமில்லாமல்.
"எறும்பு மூச்சுகூட நுழையாதுங்க," என்றார்,
கைவேலை தெரிந்தவரின் கூச்சத்தோடு.

ரோஜாவுக்கு அது சரி.
ரோஜா கேஸ் கொளுத்திக் குளிப்பதில்லை.

போன தை மாதம் சிப்காட் பக்கம் ஒரு வீட்டில்
கதவை உடைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்,
பெட்டியைக் கழற்ற மட்டும்.
வெளியே கொண்டுவந்து கொளுத்திப் பார்த்தேன்.
நீலமாக, ஒழுங்காக எரிந்தது.
அந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை.

இதை இவர்களிடம் சொல்லவில்லை.
செல் இரண்டையும் பைக்குள் திரும்பப் போட்டேன்.
பெட்டி பால்கனிக்குப் போகணும், என்றேன்.
சுவரைத் துளைத்துக் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.
அதுவரை செல் போட மாட்டேன்.

வீட்டுக்காரர் ஹனுமந்தப்பா, ஸ்பீக்கரில்:
"செவுத்துல கை வெச்சா அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன்."
திம்மராயன் வாயைத் திறக்குமுன்
நாகவேணி கரண்டியோடு வந்து போனிடம் சொன்னாள்,
"புடிச்சுக்குங்க."

டிரில் அரைமணி நேரம் அலறியது. செங்கல் தூள்.
ஓட்டை மறுபுறம் திறந்ததும்
பனி ஒரு விரல் நீட்டி உள்ளே வந்தது.
பிறகு பால்கனியில்
டிக் டிக் டிக்,
டுப்.
சின்னக் கண்ணாடிக்குள் நீலம்.
அவள் பக்கெட்டில் கைவிட்டு, எடுக்காமல் நின்றாள்.
"அந்த மாத்திரைய இனிமே போடணுங்களா?"
டாக்டரைக் கேளுங்கம்மா.
எனக்குப் பெட்டிதான் தெரியும்.

பாலித்தீனை அவரே உரித்தார்,
நாடா பெயிண்ட்டையும் கூட்டிக்கொண்டு வந்தது.
கீழே என் வண்டி சீட்டு பனியில் ஊறிக் கிடந்தது.
துடைத்தார். கையிலிருந்ததில் ஒரு துண்டு வெட்டி
சீட்டுக்கு மேல் இழுத்துச் சொருகினார்,
ஒரு சுருக்கமில்லாமல்.